ஃபிக்ரெட்டின் பெயர்ப்பலகை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் காப்பிக் கடையில் உட்கார்ந்துதான் வேலை. நொய்க்கோல்ன் பகுதியில் இந்தத் தெரு முழுக்க என்னைப் போலச் சம்பளமில்லாத டிசைனர்கள். ஒரே மடிக்கணினி, ஒரே ஓட்ஸ் பால், ஒரே சலித்த முகம். பார்க்கவே குமட்டுகிறது.

புது வேலை: எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லோரன்ஸ் ஒயின் பார் திறக்கிறான். பெயர், பலகை எல்லாம் என் பொறுப்பு. முப்பத்தொரு வருடம் அங்கே தையல் கடை வைத்திருந்தவர் ஃபிக்ரெட். வாடகையை ஏற்றியே வெளியேற்றினார்கள். அவர் வீடு மட்டும் இன்னும் எனக்கு மேல்மாடியில்தான்.

மார்ச் 11

பழைய பலகையையே விட்டுவைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ‘ஃபிக்ரெட்’ என்று மஞ்சள் எழுத்து, ஓரத்தில் கத்தரிக்கோல். இங்கே இது பழக்கம்தான். அடுத்த தெருவில் பழைய இறைச்சிக் கடைப் பலகைக்குக் கீழே யோகா நடக்கிறது. அவருடையது ஏதாவது ஒன்று மிஞ்சட்டுமே என்றும் நினைத்தேன்.

லோரன்ஸ் துள்ளினான். "செம! இப்படி ஒண்ணு புதுசா வரையவே முடியாது!"

ஏப்ரல் 5

திறப்பு விழா. அவருடைய தையல் மெஷின் மேல் ஆலிவ் கிண்ணம். "ஃபிக்ரெட்ல இருக்கேன், வா" என்று ஒருத்தி போனில் கத்தினாள். சீ.

ஏப்ரல் 9

மாடிப்படியில் ஃபிக்ரெட் மறித்தார்.

"ஏம்மா விப்கே, அந்தப் பலகைய நீதான் வைக்கச் சொன்னியாமே?"

"உங்க ஞாபகமா இருக்கட்டும்னு..."

"நான் என்ன செத்தா போயிட்டேன்? பள்ளிவாசல்ல கேக்குறாங்க, ஃபிக்ரெட் வயசான காலத்துல சாராயக் கடை வச்சிட்டானான்னு. எம்பேர எறக்கும்மா."

இறக்குகிறேன் என்றேன். இது எனக்கு ஏன் தோணவே இல்ல? எழுத்து அழகா இருக்கான்னு மட்டும்தானே பார்த்தேன்!

ஏப்ரல் 10

லோரன்ஸிடம் நாளைக்குக் கேட்கிறேன்.

ஏப்ரல் 14

கேட்டேன். லோரன்ஸ் சிரித்தான். "அவர ஒரு போட்டோவுக்கு நிக்கச் சொல்லு, ஆயுசுக்கும் ஒயின் ஃப்ரீ." பிறகு, "இன்னொரு கடை எடுக்குறேன். அதுக்கும் இதே மாதிரி நெசமான பேரு ஒண்ணு தேடு. பலகைப் பேச்ச விடு."

விட்டுவிட்டேன். அடுத்த மாதத்துக்குக் கையில் வேறு வேலை இல்லை — அதற்காக? என்ன ஜென்மம் நான்!

ஏப்ரல் 22

படியில் அவர் காலடி கேட்டால் கதவுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறேன்.

ஏப்ரல் 28

காலையில் கட்டட வாசலில் நின்று அழைப்புமணிப் பெயர்களைப் படித்தேன். பதினான்கு வீடுகள். புதுக் கடைக்காக, நெடுநாளாகக் குடியிருப்பவர்களின் பெயர்கள் மூன்றை லோரன்ஸுக்கு அனுப்பினேன். இரண்டாவது பிடித்திருக்கிறதாம்.

என் பெயரை அனுப்பவில்லை.