அம்புக்குறி ஒட்டிய படிவம்

நல்லூர், திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

விஜயா எழுதுவது. நானும் ஜனனியும் நலம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ரக்பி என்று சொன்னதும் மூன்று முறை போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதியைப் படிக்காமல் உங்களுக்குத் தூக்கம் வராது, அது எனக்குத் தெரியும். மெக்கானிக் சீனிச்சாமி அண்ணன் உங்கள் மடகாஸ்கர் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறார். அவரிடம் இதையும் பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஜனனியை மாநில அணித் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். பொம்பளைப் பிள்ளையை மண்ணில் தள்ளி உருட்டுகிற ஆட்டம் என்று சொன்னீர்கள். முதலில் நானும் அதையேதான் சொன்னேன். பிறகு நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இவர்கள் ஆடுவது பக்கத்துக்கு ஏழு பேர். பாதிக்கு ஏழு நிமிடம், இரண்டு பாதி. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்த வேண்டும். அதற்கு ஐந்து புள்ளி. சும்மா தாண்டிப் போய் நின்றால் ஒன்றும் கிடையாது. பிறகு இரண்டு கம்பங்களுக்கு நடுவில், குறுக்குக் கம்பிக்கு மேலே போகும்படி உதைத்தால் இன்னும் இரண்டு.

இதில் எனக்குப் புரியாமல் போனது ஒன்று உண்டு. பந்தை முன்னால் உதைக்கலாம், ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அவிநாசியில் நடந்த முதல் மேட்ச்சில் இது எனக்குத் தெரியாது. நமக்கு இருப்பதோ பனியன் கம்பெனித் தையல் லைன் புத்தி. லைனில் பீஸ் முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், பின்னால் வந்தால் அது ஆல்ட்ரேஷன், தையலில் ஏதோ தப்பு, திருத்தி அனுப்ப வேண்டும். ஜனனியை இரண்டு பேர் நெருக்கியதும் நான் எழுந்து நின்று, முன்னாடி போடு கண்ணு, முன்னாடி போடு என்று கத்தினேன். வீட்டில் ஒரு நாளும் என் பேச்சைக் கேட்காதவள் அன்றைக்கென்று கேட்டுவிட்டாள். விசில் ஊதிவிட்டார்கள். பக்கத்துக்கு மூன்று பேர் குனிந்து தோள் கோத்து முட்டி நிற்க, நடுவில் பந்தை விடும் வாய்ப்பு எதிரணிக்குப் போனது. அதிலேயே ஐந்து புள்ளியும் போனது, மேட்ச்சும் போனது.

அவளுடைய கோச் பூங்குழலி டீச்சர் என்னிடம் வந்து, ‘அடுத்த மேட்ச்சுக்கும் நீங்க வரோணுங்க அக்கா, ஆனா ரூல்ஸ் படிச்சுட்டு வாங்க’ என்று சிரிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து டீ டைமில் ஜனனி எழுதிக் கொடுத்த தாளைத்தான் படிக்கிறேன்.

இனி நீங்கள் பயப்படுகிற விஷயம். பந்து வைத்திருப்பவரை மட்டும்தான் பிடித்து வீழ்த்தலாம். கையால் வளைத்துப் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாது, காலை இடறிவிடக் கூடாது. விழுந்ததும் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். விழுந்தவரும் பந்தை விட வேண்டும், கட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. முரட்டுத்தனம் செய்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். ஆனாலும் அடிபடும், அதை மறைக்க மாட்டேன். போன மாதம் உதடு வீங்கி வந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் இரண்டு வாரம் டீச்சர் பந்தையே கண்ணில் காட்டவில்லை மாமா. விழத்தான் பழக்கினார். கையை ஊன்றாமல், முகவாயை நெஞ்சோடு சேர்த்து, தோள் உருள விழ வேண்டுமாம். இவளுக்கு அது வரவில்லை. இடது கையை உடம்போடு ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டாள். ஏன் என்று நம் இருவருக்கும் தெரியும். ஆறு வயதில், தாராபுரம் ரோட்டில் வண்டி சறுக்கி உடைந்த கை. வண்டியை ஓட்டியது நீங்கள் என்பதை நானும் அவளும் எப்போதோ மறந்துவிட்டோம். நீங்கள்தான் மறக்கவில்லை. சைக்கிள் வேண்டாம், நீச்சல் வேண்டாம், பள்ளிச் சுற்றுலா வேண்டாம் என்று இந்தப் பத்து வருடத்தில் எத்தனை வேண்டாம். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அந்தக் கை நன்றாக இருக்கிறது.

போன சனிக்கிழமை அந்தக் கையில்தான் பந்தை அணைத்துக்கொண்டு ஓடினாள். கோட்டைத் தாண்டி விழுந்து, பந்தை மண்ணில் அழுத்தினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். ‘இதை அப்பாகிட்டச் சொல்லட்டுங்களா, வேண்டாமுங்களா’ என்றாள். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

நீங்கள் இருக்கும் நாட்டில் ரக்பி என்றால் உயிராம், பெண்களும் ஆடுவார்களாம். மூன்று வருடமாக அங்கே இருந்துகொண்டு ஒரு மேட்ச்கூடப் பார்க்காமல் இருக்கிறீர்களே. வரும் லீவில் போய்ப் பாருங்கள். விழுந்த பெண் எழுந்து ஓடுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று டீச்சர் சொன்னார். போட வேண்டிய இடத்தில் எங்கள் செக்கிங் டேபிளின் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக அதைத் தப்பு இருக்கும் இடத்தில் மட்டுமே ஒட்டி வருகிறேன். இந்தத் தாளில் தப்பென்று என் கண்ணுக்குத் தெரிவது அந்தக் காலி இடம் ஒன்றுதான்.

அவிநாசியப்பர் உங்களைத் தைரியமாக வைத்திருக்கட்டும். உங்கள் ‘வேண்டாம்’ என்ற வார்த்தையை ஆல்ட்ரேஷனுக்குத் திருப்பி அனுப்புகிறேன். சரிசெய்து அனுப்புங்கள் மாமா.

இப்படிக்கு,
இருபதாம் தேதி வரை போனைக் கையிலேயே வைத்திருக்கப்போகும்
விஜயகுமாரி