வெறும் அங்கின்தான்

செனாய் விமான நிலையத்தில் இன்று காலை என் கைப்பையைச் சோதித்த பெண் உன்னுடைய தைலப் புட்டியை வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தவள், "மின்யாக் அங்கின்" என்று முணுமுணுத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அந்த நெடியோடு நீயும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். விமானம் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மலாயில் மின்யாக் என்றால் எண்ணெய்; காற்றுக்கும் வாயுத் தொல்லைக்கும் அங்கின். உனக்கோ உடம்பில் எது வந்தாலும் அங்கின்தான். சிகாமட்டில் ஒரே பள்ளி அலுவலகத்தில் இருபது வருடம் மேசையோடு மேசை ஒட்டி இருந்தோம். தலைவலி அங்கின், முதுகுவலி அங்கின், தலைமையாசிரியர் கத்தினால் அவருக்கும் அங்கின். கடைசி இரண்டு வருடம் மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அதுவும் அங்கின். நானும் மறுபேச்சில்லாமல் தைலம் தேய்த்துவிட்டேன்.

ஓய்வு பெற்றதும் இருவரும் கடல் தாண்டி கோத்தா கினபாலு சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். கைப்பேசியில் டிக்கெட் எடுக்கும்போது பயணக் காப்புறுதி வேண்டுமா என்று கேட்டது. "வேணாம்லா. விழுந்தா ரெண்டு பேரும்தான் போவோம். யாரு போய் காசு வாங்குறது?" என்றாய். நீ தேநீர் கலக்க எழுந்த நேரம் பார்த்து, இருவருக்கும் சேர்த்து அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டேன்.

கடலுக்கு மேலே, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு உனக்கு வியர்த்துக் கொட்டியது. பணிப்பெண் ஓடி வந்து என்ன செய்கிறது என்று கேட்டாள். நெஞ்சைக் காட்டி, "அங்கின்... அங்கின்..." என்றாய். மூச்சு வாங்கியதில் பாதிதான் வெளியே வந்தது என்று நினைத்தாரோ என்னவோ, பின்வரிசைக்காரர் மீதியைத் தானே சேர்த்து, "அங்கின் அஹ்மார்" என்று கத்தினார். மலாயில் பக்கவாதத்துக்கு அதுதான் பெயர். விமானமே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

ஒலிபெருக்கியில் அழைத்ததும் ஒரு சீன டாக்டர் அம்மா வந்தார். கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பள்ளி ஆண்டு விழாப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பல் தெரியச் சிரித்தாய். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கவாதம் இல்லை, இதயம் என்றார். விமானத்தை வழியிலிருந்த கூச்சிங்கில் இறக்கப் போவதாகப் பணிப்பெண் சொன்னாள்.

அப்போதுதான் நீ பயந்தாய். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய்.

"எறக்க வேணாம்னு சொல்லுடி. இத்தாம் பெரிய பிளேனு. எண்ணெய்க் காசு யாரு கட்றது? நம்ம பென்ஷன்ல முடியுமா?"

"அது கம்பெனி கட்டும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. ஆனாலும் சத்தியம் செய்தேன். நீ நம்பவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்ட எழுந்து நடக்கப் பார்த்தாய். டாக்டர் அம்மா அதட்டி உட்கார வைத்தார். இறக்காமல் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாய் என்று கூச்சிங் மருத்துவமனையில் சொன்னார்கள். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

எண்ணெய்க் காசை யாரும் கேட்கவில்லை. மருத்துவமனைதான் கேட்டது. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து நீ கண்விழித்ததும் காப்புறுதி விஷயத்தைச் சொன்னேன். "ஒன்ன யாரு போடச் சொன்னா?" என்று ஏசினாய். பிறகு வெகுநேரம் என் கையை விடவில்லை.

காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒரு தமிழ்ப் பையன் போன் செய்தான். இதற்கு முன் நெஞ்சு வலி வந்ததுண்டா என்று கேட்டான். முன்பே இருந்த நோய் என்றால் காசு கிடைக்காது. நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நெஞ்சு வலியெல்லாம் இல்ல தம்பி. அங்கின்தான். டெய்லி வரும்."

"அங்கின் எல்லாருக்கும்தான் இருக்கு ஆன்ட்டி," என்றான் அவன். காசு வந்தது.

நீ பொய் சொல்லவில்லை. அந்த வலிக்கு உன்னிடம் வேறு பெயரே கிடையாது. இரண்டு வருடமாக உன்னை டாக்டரிடம் போகவிடாத அதே சொல்தான் பில்லையும் கட்டியது. இதற்குச் சிரிப்பதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நான்கு வருடம் இருந்தாய். கோத்தா கினபாலு என்று வாயைத் திறந்தாலே, "வேணாம்லா, மறுபடி பிளேன எறக்கிடுவாங்க" என்பாய். போன வருடம் ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்விட்டாய். உன் மகள் தைலப் புட்டியை என்னிடம் தந்தாள்.

போன மாதம் சாப்பிட்டு எழுந்ததும் எனக்கு நெஞ்சைப் பிடித்தது. கை தானாகப் புட்டிக்குப் போனது. திறந்தேன், நெடி வந்தது, மூடி வைத்துவிட்டேன். நேரே மருத்துவமனைக்குப் போய், நெஞ்சு வலி என்று வாய் நிறையச் சொன்னேன். ஒயர் ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள், மதியம் முழுக்கப் படுக்க வைத்தார்கள். கடைசியில் அந்த இளம் மலாய் டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கின் சஜா, மாக்சிக்."

வெறும் காற்றுதானாம் இந்த ஆன்ட்டிக்கு. அவர் முன்னால் நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். இதைக் கேட்டுச் சிரிக்க நீ இல்லையேடி.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். கோத்தா கினபாலுவுக்குத்தான். காப்புறுதி போட்டிருக்கிறேன். உன் புட்டியும் பையில் இருக்கிறது. முழங்காலுக்கு மட்டும்தான் தேய்க்கிறேன்.