கொதிகலன் சூடேறும் நேரம்

இன்று காலை நம் பியர்பொன்ட்ஸ் புறநகரில் பேருந்துக்காக நின்றபோது, எதிர்வீட்டுக்காரர் இரவெல்லாம் குளிரில் உறைந்து கிடந்த தன் காரை இயக்கினார். எரியாத பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. ஓடிச் சூடான கார் இப்படி மணக்காது. உடனே உன் நினைவு வந்துவிட்டது, மச்சான். நீ இருந்திருந்தால், மூக்கைப் பொத்திக்கொண்டே எனக்கு ஒரு விரிவுரை நடத்தியிருப்பாய்.

போன இலையுதிர் காலத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, அலுவலக வேலையாக எல்லை தாண்டி அந்த அமெரிக்க மின்நிலையத்துக்கு நாம் போன பயணங்களை அடிக்கடி நினைக்கிறேன். நீ புகைபோக்கியில் ஏறிப் புகையை அளப்பாய். நான் கீழே கணினியில் அதைக் கணக்காக்குவேன். நிலையம் முழுச் சூட்டில் சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் எப்போதும் நம்மை உள்ளே விடுவார்கள்.

ஒருமுறை பனிப்புயலுக்குப் பயந்து நேரத்தோடு புறப்பட்டதில், வெகு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டோம். எதிரே இருந்த கடைக்குக் கோப்பி வாங்கப் போனோம். கடைக்காரப் பெண் கதவிடுக்கில் துணியை அடைத்துக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாய். நீராவி இரைகிறது, கொதிகலனை மூட்டுகிறார்கள் என்றாள், மழை வரப்போகிறது என்று சொல்வதுபோல. கொஞ்ச நேரத்தில் கரும்புகை எழும்பித் தெருவில் படிந்தது. வாங்கிய கோப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

"நாங்கள் அளக்க வரேக்க இது ஒண்டும் இருக்காதடா," என்றாய். "வடிகட்டியள் சூடாகி வேலை செய்யும் வரைக்கும் இந்தச் சனத்துக்கு இதுதான் காத்து. இதை விட்டிட்டு ஆருக்குக் கணக்குக் காட்டுறம்?"

நிலையம் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் உன்னை இன்னும் கோபப்படுத்தியது. மூட்டும் நேரத்தையும் அணைக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று அந்த மாநிலத்தின் விதியே சொன்னது. திரும்பி வரும்போது எல்லையில் அதிகாரி, ஏதும் கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார். "ஓம், நெஞ்சு நிறையப் புகை," என்று தமிழில் சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருந்தாய். எனக்கு உயிர் போய் வந்தது.

இப்போது அமெரிக்க மத்திய அரசு அந்த விலக்கை ஏற்க மறுத்துவிட்டது. எல்லா நேரத்தையும் சேர்த்துப் புதிய திட்டம் எழுதும்படி மாநிலத்திடம் சொல்லியிருக்கிறது. அதற்கான தொழில்நுட்ப அறிக்கை எழுதும் வேலையை மாநிலம் நம் அலுவலகத்திடமே கொடுத்திருக்கிறது. மாநிலத்துக்காரர்களோ பழைய விலக்குக்கு 'இடைமாறு காலம்' என்று புதுப்பெயர் வைத்து, அதையே உள்ளே நுழைக்கப் பார்க்கிறார்கள். புகைபோக்கியில் உள்ள மீற்றர் எந்நேரமும் பதிந்துகொண்டுதான் இருக்கிறது. மூட்டும், அணைக்கும் நேரங்களையும் சேர்த்துக் கணித்தேன். சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டுகிறது. அப்படியே எழுதிவிட்டேன்.

நம் மேலாளரை உனக்குத் தெரியும். நல்ல மனிதர்தான், ஆனால் வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அந்தச் சென்னைக்காரருக்குச் சாப்பாடு இறங்காது. நேற்று என் மேசைக்கு வந்தார்.

"அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துடுங்களேன். அவங்க கிளையன்ட். நீங்க பிடிவாதம் பிடிச்சா வேற யாரையாவது வெச்சு முடிச்சுக்குவாங்க."

"முடிக்கட்டும். என்ர கையெழுத்து வேணுமெண்டா அந்தப் பகுதியும் இருக்கும்," என்றேன்.

"உங்க ஃப்ரெண்ட் மாதிரியே பேசுறீங்க," என்றார். என் பார்வை உன் காலி மேசைக்குப் போனது. அதைத் தயக்கம் என்று நினைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்லும்படி முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

யோசிக்க ஒன்றும் இல்லை. நாளை மாநில அதிகாரிகளோடு கூட்டம். சபையில் எழும்பிப் பேச எனக்கு எப்போதும் பயம். எப்படியும் நீ பேசுவாய் என்ற தைரியத்தில் இத்தனை காலம் பக்கத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். இனி எனக்கு அந்த வசதி இல்லை. உன் கோபத்தில் ஒரு பங்கு மட்டும் என்னோடு இருக்கிறது, அதை நாளைக்குக் கொண்டு போகிறேன். இது வெறும் இடைமாறு காலம்தானே என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் அந்தத் தெருவில் யாரால் மூச்சு விடாமல் இருக்க முடிந்தது என்று கேட்பேன். எழும்பி நின்று கேட்பேன்.