பூசணம் பிடித்த பீப்பாய்

பிரெசாக், லோ ஆற்றங்கரை
பிப்ரவரி 1967, ஞாயிறு

அன்புள்ள லெயோன்ஸுக்கு,

இங்கே நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றே பதில் எழுதியிருப்பேன். கத்தரி பிடித்துப் பிடித்துக் கை வீங்கிப்போய், பேனா விரலில் நிற்கவில்லை. இன்றும் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆற்றோரத் தோட்டத்தில் கொடிகளைக் கத்தரித்து முடித்தாயிற்று. மேட்டுத் தோட்டம் பாதிகூட ஆகவில்லை. காலையில் உறைபனி, பத்து மணிக்கு மேல் சேறு. பக்கத்துத் தோட்டத்து அமெதே தன் வேலை முடிந்ததும் வந்து கைகொடுக்கிறான். அவன் உதவி எப்படியென்று உனக்குத் தெரியாததா? கை ஒரு பக்கம் வெட்டும், வாய் ஊரையே வெட்டும். நேற்று நான் ஒரு கொடியில் மொட்டு கூடுதலாக விட்டுவிட்டேன். "ஏம்மா அர்லெத், இது கொடியா, காடா? இத்தனை புள்ளைய இந்தக் கட்டை எப்படித் தாங்கும்?" என்றான். "உன் நாக்கைக் கொஞ்சம் கத்தரிச்சா ஊருக்கே நல்லது, அமெதே" என்றேன். அதற்குப் பிறகு சிறிது நேரம் ஒழுங்காக வேலை செய்தான்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். பீப்பாய்களை விற்றுவிடு, அடுத்த அறுவடையிலிருந்து திராட்சையைக் கூட்டுறவுச் சங்கத்தில் கொட்டிவிடு, நான் இங்கேயே மீன் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கே எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், எனக்கு மட்டும் சுகம் என்று வேடிக்கையாக வேறு எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை லெயோன்ஸ். இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

அந்தப் பீப்பாய் விஷயத்தை நீயும் எழுதவில்லை, நானும் இதுவரை எழுதவில்லை. யாராவது ஒருவர் எழுதித்தான் ஆகவேண்டும். போன மார்ச்சில் உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, மூக்கின் மோப்பம் திரும்பவில்லை. நீ யாரிடமும் சொல்லவில்லை. கோடை முழுக்க, யாராவது கோப்பையை மோந்து பார்த்தால் நீ அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று முதலில் அவர்களைப் பேசவிட்டாய். உனக்கு வயதாகிவிட்டது, பொறுமை வந்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு மண்டு நான்.

அறுவடை முடிந்து புது ஒயினைப் பீப்பாயில் நிரப்பும்போது, மூலையில் கிடந்த அந்தப் பழைய பீப்பாயையும் உருட்டி வந்தாய். பூசணம் பிடிக்காமலிருக்கக் கோடையில் அதற்குள் கந்தகத் திரி கொளுத்த மறந்திருந்தோம். அது உன் வேலை மட்டுமல்ல, என் வேலையும்தான். எப்போதும்போல் துளையில் மூக்கை வைத்தாய், எப்போதும்போல் கண்ணை மூடினாய், "சுத்தமா இருக்கு, ஊத்து" என்றாய். நான் ஊற்றினேன். நீ மூக்கு வைத்த துளையில் இன்னொருவர் மூக்கு வைக்கும் வழக்கம் நம் வீட்டில் கிடையாதே. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதையும் மற்றப் பீப்பாய்களோடு சேர்த்துப் பெரிய தொட்டியில் கலந்துவிட்டாய்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அமெதேயும் அவன் பெண்டாட்டி பெர்த்தும் வந்திருந்தார்கள். தொட்டியிலிருந்து ஒரு கூஜா பிடித்து வந்தாய். சூப்பு தட்டின் அடிக்கு வந்ததும் எல்லாரும் வழக்கம்போல் மிச்சச் சூப்பில் ஒயினை ஊற்றிக்கொண்டோம். சூட்டில் அந்த வாடை கிளம்பியது பார், ஈரக் கோணிச் சாக்கை முகத்தில் போட்டது மாதிரி. பெர்த் கைக்குட்டையைத் தேடினாள். அமெதே தட்டை அப்படியே கீழே வைத்தான். நீ மட்டும் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, கடைசிச் சொட்டுவரை குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு" என்றாய். அதன் பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தாய்.

அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயாடி அமெதேகூட ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். புத்தாண்டு கழிந்ததும், அண்ணனுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று பெட்டியைக் கட்டினாய். ரயிலடியில் என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊரில் பேசுகிறார்கள், மறைக்கவில்லை. மதுக்கடையில் ஒருவன் "லெயோன்ஸ் கடல் காத்து வாங்கப் போயிட்டானாமே" என்று கேட்டானாம். "ஆமா, உன் பொண்டாட்டி சமையல் வாடை அங்க வரைக்கும் வராதாம்" என்று அமெதே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்கு வாத்துக்கறி ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன்.

தொட்டி ஒயினை வடித்துச் சாராயமாக்கக் கொடுத்தாயிற்று. அந்தப் பீப்பாயை அறுத்து அடுப்புக்குப் போட்டாயிற்று. ஆனால் நீ கேட்காத ஒன்று இருக்கிறது. மேட்டுத் தோட்டத்து ஒயினை நீ கலக்காமல் தனியாக வைத்திருந்தாய் அல்லவா, முரட்டுத்தனமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று. அது அப்படியே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் குறைந்த அளவை நானே நிரப்பி வைக்கிறேன். போன வாரம் அமெதே என்னிடம் கோப்பையை நீட்டி, "எனக்கு ருசி தெரியும், ஆனா புளுகிருவேன். நீ மோந்து பாரு" என்றான்.

உன் அம்மா இருந்தவரை மாதத்தில் பாதி நாள் என்னை நிலவறைப் படியில்கூட இறங்கவிட்டதில்லை, பெண் வாடை பட்டால் ஒயின் திரிந்துவிடும் என்று. அவர் போன பிறகு நீ தடுக்கவில்லை, ஆனால் என்னிடம் கேட்டதும் இல்லை. நான் மோந்தேன். கறுப்பு பிளம் பழம் மாதிரி, மழைக்குப் பிறகு மேட்டு மண் மாதிரி. முரடு இன்னும் இருக்கிறது, அடியில் நல்லது இருக்கிறது. நீ அதைத் தனியாக வைத்தது மூக்கால் அல்ல. நாக்கில் பிடித்த துவர்ப்பைக் கொண்டு, அந்த மண்ணை அறிந்த அறிவைக் கொண்டு. அதனால் பீப்பாய்களை விற்க மாட்டேன். சங்கத்துக்கும் கொடுக்க மாட்டேன். இது என் பதில். கோபித்துக்கொள்வதானால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மார்ச்சிலிருந்து டிசம்பர்வரை ஒவ்வொரு வேளையும் என் சமையல் நன்றாக இருக்கிறது என்று சொன்னாய். எதுவும் தெரியாமலே சொன்னாய். நானும் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி போட்டேன். மூக்கு போனது உன் தப்பில்லை. என்னிடம் மறைத்ததுதான் தப்பு. இனி என் முன்னால் நடிக்காதே, அது போதும்.

காவோர் நகரத்து மருத்துவரைக் கேட்டேன். மோப்பம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். அந்தப் பேச்சை அத்தோடு விடுவோம். மார்ச் பிறந்தால், வெட்டிய இடத்திலெல்லாம் கொடிகள் நீர் வடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் மேட்டுத் தோட்டத்தை முடிக்கவேண்டும். என் முதுகு ஒத்துழைக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, போன வாரம் வரப்பிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் வெட்டிய குச்சிகளைக் கொளுத்திவிட்டு வீட்டுக்கு வரும்போது என் தலைமுடி முழுக்கப் புகை. முன்பெல்லாம் கிட்டே வந்தால் மூக்கைச் சுளித்து, "போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா, கருவாடு மாதிரி இருக்க" என்பாய். இப்போது உனக்குத் தெரியப்போவதில்லை. தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் வந்து உட்கார்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அர்லெத்