ஒரு துடிப்பில் எடுத்த படம்

லாபிஸ்
3 மார்ச் 2025

அன்புள்ள வீரமுத்து,

வாட்சப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் கடிதம்.

போன வாரம் இங்கே வந்தபோது ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். துணைக்கு நானும் நின்றேன். டாக்டர் சொன்ன இதய ஸ்கேனுக்கு ஏன் போகவில்லை என்றால், "படத்துல ஏதும் தெரிஞ்சா பஸ் லைசென்ஸ் போயிரும் லா" என்கிறாய்.

நான் பாடம் நடத்தி, நீ பள்ளி பஸ் ஓட்டிய காலத்துக் குணாளனை நினைவிருக்கிறதா? வகுப்புப் படம் எடுக்கையில் ஒரு வருடமாவது ஆடாமல் நின்றானா? எல்லாப் படத்திலும் அவனுக்கு இரண்டு மூக்கு. இதயமும் அப்படித்தான், நில் என்றால் நிற்காது. குணாளன் தலையைத் திருப்புவதற்குள் எடுத்துவிடும் வேகம் இந்தப் புது இயந்திரத்துக்கு. ஒரே துடிப்பு போதுமாம். கையில் ஓர் ஊசி, கொஞ்சம் மூச்சை அடக்கவேண்டும், அவ்வளவுதான்.

இப்போதும் உன் பஸ்ஸில் இருபத்தாறு பிள்ளைகள். அதில் ஒருவன் உன் பேரன் என்றால், இந்த நெஞ்சோடு ஓட்டுகிறவரை நம்பி ஏற்றிவிடுவாயா?

அன்புடன்,
ராஜசேகரன்

ஸ்கூடாய்
12 மார்ச்

வாத்தியாரே, வணக்கம்.

போனேன். திருப்பி அனுப்பிட்டாங்க. கோப்பி குடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. குடிக்கலையே! தே தாரேக்தான், ஆத்தின பால் டீ, மூணு கிளாஸ். வயரெல்லாம் ஒட்டிப் பார்த்தா நிமிஷத்துக்குத் தொண்ணூத்தாறு அடிக்குது. மாத்திரை கொடுத்தும் இறங்கலை, இந்த வேகத்துல படம் கலங்கிருமாம். "அலமாக் அங்கிள், தேயிலயும் அதே கஃபீன்தான் இருக்கு"ன்னு நர்ஸ் லோஷினி சிரிக்குது. உங்க குணாளனே தேவலாம்.

25ஆம் தேதி மறுபடி வரச் சொன்னாங்க. போகணுமா?

வீரமுத்து

லாபிஸ்
16 மார்ச்

வீரமுத்து,

போகணும். பென்சில் மறந்து வந்த பிள்ளையை நான் ஃபெயில் போட்டதில்லை. வெந்நீர் மட்டும் குடி.

ராஜசேகரன்

ஸ்கூடாய்
11 ஏப்ரல்

வாத்தியாரே,

வெந்நீர்தான் குடிச்சேன். ஐம்பத்தெட்டு! மருந்து ஏறினப்ப உடம்பெல்லாம் சூடு ஓடுச்சு. கால்சட்டை நனைஞ்சிருச்சோன்னு தடவிப் பார்த்தேன், நல்லவேளை. மெஷின் மலாய்ல மூச்சை அடக்கச் சொல்லுச்சு, விடச் சொல்லுச்சு. முடிஞ்சிருச்சு.

படத்தையும் காட்டினாங்க. என் நெஞ்சு ஆடாம அசையாம நிக்குது. ஒரு ரத்தக்குழாய் மட்டும் ஓரிடத்துல நூல் மாதிரி சுருங்கிக் கிடக்கு. போன வாரம் ஸ்டென்ட் வெச்சாச்சு. பஸ் சாவியை நானே, எனக்குப் பதிலா ஓட்டுற சுகுமாறன் கையில கொடுத்தேன். திரும்ப ஓட்டலாமான்னு மூணு மாசம் கழிச்சு டாக்டர் சொல்வாரு.

இப்ப நான் கேக்கறேன். அன்னைக்குப் படியில துணைக்கு நின்னேன்னு எழுதினீங்க. எனக்கு முன்னாலயே நீங்க ரெண்டு தடவை நின்னீங்க. தலையைத் திருப்பி, "செம்பனை மரமெல்லாம் எப்படி வளர்ந்திருச்சு பாரு"ன்னீங்க. பார்த்தேன். அந்தப் பக்கம் கார் நிறுத்துற இடம்தான் இருந்துச்சு.

டாக்டர்கிட்ட பேசி 29ஆம் தேதி அதே ஸ்கேனுக்கு உங்க பேரைக் கொடுத்திருக்கேன். நீங்க இறங்குற ஸ்டேஷன்ல நிப்பேன்.

வீரமுத்து

லாபிஸ்
20 ஏப்ரல்

அன்புள்ள வீரமுத்து,

கார் நிறுத்தும் இடம்தான்.

காலை ரயிலில் வருகிறேன். மேம்பாலத்தில் எத்தனை தடவை நின்றாலும் ரயிலை விட்டுவிடாமலிருக்க, முக்கால் மணி முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புவேன். கோப்பி இல்லை, தேயும் இல்லை. மூச்சடக்கிப் பழகுகிறேன். இன்று இருபது வரை எண்ணினேன்.

இந்த முறை தலையைத் திருப்பமாட்டேன்.

அன்புடன்,
ராஜசேகரன்