வாயில் பழ வாசம்

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 1946

அன்புள்ள பதுருன்னிஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நலமாக இருக்கிறேன். கீழக்கரையில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உம்மாவின் கால்வலி குறைந்ததா?

பயப்படாமல் படி. ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று நினைத்து, ரமலான் பிறந்ததும் இன்சுலினை நிறுத்திவிட்டேன். போன வாரம் சங்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் என்னோடு வேலை பார்க்கும் ஈஸா, என் பேச்சோடு வந்த வாசத்தை முகர்ந்து, "என்ன காக்கா, நோன்பும் அதுவுமா மறைஞ்சு நின்னு பழம் திங்கிறியளோ?" என்று கேலி செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர்கூடத் தொடவில்லை. அன்று மாலையே மயங்கி விழுந்தேன்.

என் வாயை முகர்ந்த டாக்டர் வேதமணி சொன்னார்: "இது பழ வாசம் இல்ல, பாய். திங்கிற சோறு உடைஞ்சு சர்க்கரையாகும். அதை எரிச்சுத்தான் உடம்பு தன்னைக் கட்டிக்கும். இன்சுலின் இல்லேன்னா சர்க்கரை ரத்தத்துலயே கெடக்கும். அதான் உடம்பு உங்க கொழுப்பையும் தசையையும் உடைச்சிருக்கு. கொழுப்பு எரிஞ்ச வாசம் இது."

நான் பழம் தின்னவில்லை. என் உடம்பு என்னைத் தின்றிருக்கிறது.

மறுபடி ஊசி போட்டுக்கொள்கிறேன். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் ஆலிம்சாவும் சொல்லிவிட்டார். சட்டையெல்லாம் தொளதொளக்கிறது, தம்பியின் பழைய சட்டை இரண்டு அனுப்பு.

விட்ட நோன்புக்கு ஈடாக, தினமும் ஓர் ஏழையை அழைத்து, நான் உட்காரும் இடத்தில் உட்காரவைத்துச் சோறு போடு. அந்தச் சோறு அவர் உடம்பையாவது கட்டட்டும்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. நோன்புப் பெருநாளன்று மட்டும் அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. இன்ஷா அல்லாஹ், வந்துவிடுவேன்.

அபுல் ஹஸன்