வெட்டின பேர்

1926 ஜூலை 12, திங்கள். பதுளை.

காலையில் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லாயியை அவள் அம்மா என் ஆஸ்பத்திரி வார்டுக்குக் கூட்டி வந்தாள். பதினைந்து வயது, ஆறு மாதக் கர்ப்பம். கங்காணியும் கூடவே வந்திருந்தார்.

"காலைப் பெரட்டுல ஆள் கூப்புடுற ஏட்டுல இவ பேர வெட்டியாச்சுங்க, டாக்டரம்மா. இனி வேலை இல்ல, லயத்து வீட்டுலயும் இருக்க முடியாது."

"இவளை இப்படி ஆக்கியவன் பேரை?"

"அவன் தேயிலச் செடிய நல்லா கவ்வாத்து வெட்டுறவனுங்க. அவனப் போய் வெட்டுவாங்களா?" தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

அவரை வெளியே அனுப்பிவிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்று செல்லாயியைக் கேட்டேன். அப்படி யாரும் கேட்டதில்லை போலும், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாகூட இருக்கணுங்க. பழையபடி கொழுந்தெடுக்கப் போகணும்."

அதையே தோட்டத்துத் துரைக்குக் கடிதமாக எழுதிக் கங்காணி கையிலேயே கொடுத்தேன். பிரசவம் இங்கே நடக்கும், பிறகு அவள் தன் லயத்துக்கே திரும்புவாள், பேரை மறுபடி எழுதுங்கள் என்று. துரை மசிவார் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

மூன்றாம் கட்டிலைக் கொடுத்திருக்கிறேன். அவள் சீட்டில் வீட்டுக்கு அனுப்பும் நாள் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டேன். துரையின் பதில் வரும்வரை அது காலியாகவே இருக்கும்; அதுவரை அவளை யாரும் இங்கிருந்து வெளியே அனுப்ப முடியாது.